வெற்றுப் பதிவு

யதுஷா எழுதி முடித்த பக்கத்தில் ஒரு கோடுகூட அறுந்திருக்கவில்லை.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். சுகிர்தன் சந்தோஷமும் பட்டான். வேலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், வெள்ளவத்தையில் கடற்காற்று உப்போடு வந்து யன்னல் கம்பிகளைத் தின்றுகொண்டிருக்கிற அந்த நாலாம் மாடி வீட்டின் முன்னறையில் நின்றபடி, மகள் பேனையால் கண்ணாடித் திரையில் எழுதுகிற டெப்பைக் கையில் எடுத்து, அந்தப் பக்கத்தை மேலும் கீழுமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். ஆறு வயதுப் பிள்ளை. பிறக்கிறபோதே வலது தோளில் நரம்பு இழுபட்டுப்போனதால், அந்தக் கை வளர்ந்ததே தவிர அதற்குப் பலம் வரவில்லை. பேனையைப் பிடிப்பாள், அழுத்த மாட்டாள். இடக்கையால் எழுதப் பழக்கலாம்தான். ஆனால் வலக்கையைச் சும்மா விட்டால் அது சூம்பிப்போகும் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் அவள் எழுதும் எழுத்தெல்லாம், எறும்பு வரிசையை யாரோ இடையிடையே ஊதிவிட்ட மாதிரித் துண்டு துண்டாகத்தான் இருக்கும். இன்றைய பக்கத்தில் பதினாறு வரி இருந்தது. அத்தனையும் முழுக்கோடு.

பிறகுதான் அவன் வேலைப் பழக்கத்தில் ஒரு காரியம் செய்தான். ஒவ்வொரு கோட்டுக்கும் பேனை எவ்வளவு அழுத்தப்பட்டது என்ற கணக்கைத் திறந்து பார்த்தான். யதுஷாவுக்கு அது நாற்பதைத் தாண்டியதில்லை. அவன் எழுதினால் முந்நூறு வரும். திரையில் நானூற்றுப் பதினெட்டு என்று இருந்தது.

சுகிர்தனுக்கு இரத்மலானையில் வேலை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதுகிற டெப் செய்யும் ஒரு சின்னக் கம்பனி. பேனை முனை மிகச் சன்னமாக ஒரு துடிப்பை விட்டுக்கொண்டேயிருக்கும். கண்ணாடிக்குக் கீழே குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிற மயிர்போன்ற கம்பிகள் அதைக் கேட்டு, முனை எங்கே நிற்கிறது என்று சொல்லும். சந்தை இரைச்சலுக்குள் ஒருத்தர் இரகசியம் சொல்வதைக் கேட்பது போன்ற வேலை. சார்ஜரின் இரைச்சல், உள்ளங்கை ஈரம், கண்ணாடியின் சொந்த முணுமுணுப்பு எல்லாம் அதை மூடிவிடும். ஆகவே முதலில் ஒருவரும் தொடாத கண்ணாடி என்ன முணுமுணுக்கிறது என்று பதிந்துகொள்வார்கள். அதுதான் வெற்றுப் பதிவு. பிறகு வருகிற எல்லாவற்றிலிருந்தும் அதைக் கழித்துவிட்டால், மிஞ்சுவது பேனை மட்டும். வெற்றுப் பதிவு எவ்வளவு நீளமோ, அவ்வளவு மெல்லிய கோட்டையும் பிடிக்கலாம். மகளின் மெல்லிய கோடு ஒன்றும் வீணாகக் கூடாது என்பதற்காகவே மூன்று வருடம் அவன் அதிலே மாரடித்தான்.

பிள்ளை இருக்கிற வீட்டில் ஒரு டெப் மணிக்கணக்காகத் தொடப்படாமல் கிடக்குமா? கிடந்தது, சரஸ்வதி பூசையன்று. கொப்பி, புத்தகம், பேனையெல்லாம் கும்பத்துக்கு முன்னால் வைத்தால், விஜயதசமி காலை வரை அவற்றில் ஒருவரும் கை வைக்க மாட்டார்கள். அவன் மனைவி சுபோதினி அதில் வலு கடுமை. சுகிர்தன் டெப்பைப் பதிவில் போட்டுப் பூசையில் வைத்தான். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று தன்னையே மெச்சிக்கொண்டு படுத்தான். விடியப் பதினொரு மணித்தியாலப் பதிவு கையில் இருந்தது. யதுஷாவை மடியில் இருத்தி, கையைப் பிடித்து அந்த டெப்பிலேயே ‘அ’ எழுதவைத்தான். அன்றிலிருந்து இரண்டு கிழமையாக எழுத்து நாளுக்கு நாள் திருந்தி வந்தது. எல்லாம் தன் கெட்டித்தனம் என்றுதான் நினைத்தான்.

ஆனால் அழுத்தம் வேறு விஷயம். கோட்டைப் பிடிப்பது கண்ணாடியின் வேலை. அழுத்தத்தை அளப்பது பேனைக்குள் இருக்கிற ஒரு சின்னச் சுருள்வில். அதை அவன் தொட்டதேயில்லை.

“பாத்தீங்களோ? எங்கயாவது அறுந்திருக்கோ?” என்று கேட்டுக்கொண்டு சுபோதினி குசினிக்குள் இருந்து வந்தாள்.

“இல்லை.”

“பிறகேன் முகத்தை இப்பிடி வச்சிருக்கிறியள்?”

“அழுத்தம் கூடவாக் காட்டுது. நான் எழுதினாலும் இவ்வளவு வராது.”

“கூடினா நல்லதுதானே! ஆறு வருஷமா அந்தக் கைக்கு எண்ணெய் பூசி உருவினது நான். இப்ப பலன் வரேக்க நீங்கள் குறை பிடிக்கிறியள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.”

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவன் பார்த்துக் கனகாலம். அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

சாப்பிடும்போது யதுஷாவின் வலக்கையில் தன் சுட்டுவிரலைக் கொடுத்தான். “இறுக்கிப் பிடி, பாப்பம்.” அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, முகம் சிவக்கப் பிடித்தாள். பழைய பிடிதான். ஈரத்துணி சுற்றின மாதிரி, இருந்தும் இல்லாத பிடி. அவன் “கெட்டிக்காரி” என்று சொல்லிவிட்டு விரலை எடுத்துக்கொண்டான்.

பிறகு அவள் மறுபடியும் எழுதப் போனாள். சுகிர்தன் செய்தி பார்ப்பதுபோல இருந்து, காதை அந்தப் பக்கம் வைத்திருந்தான். கீழே கரையோர ரயில் போனது. பக்கத்து வீட்டுக் குக்கர் கூவியது. இவற்றுக்கெல்லாம் நடுவில், மகள் இருந்த மரக்கதிரை மெதுவாக, ஒழுங்காக, கிரீச்சிட்டுக்கொண்டிருந்தது. பதினாறு கிலோப் பிள்ளைக்கு அந்தக் கதிரை ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. அவனுடைய தகப்பன் வந்து இருந்தால்தான் போடும். மழைக்காலத்தில் காயாத துணி மணக்குமே, அந்த மணமும் அந்தப் பக்கமிருந்து வந்தது. கொடியில் துணி ஒன்றும் இருக்கவில்லை. மாரிக் குளிருக்கு மரம் ஊறியிருக்கும் என்று தனக்குத்தானே சொன்னான். எழும்பிப் போய்ப் பார்க்கவில்லை. அவனுக்கு அந்த முழுக்கோடுகள் வேண்டியிருந்தன.

மறுநாள் வெள்ளிக்கிழமை டெப்பை வேலைக்குக் கொண்டுபோனான்.

கூட வேலை செய்யும் கிளெமென்ற் கொட்டாஞ்சேனை ஆள். இருபது வருடமாக மேசையில் குனிந்து இலத்திரன் சாமான் திருத்துகிறவன். எதற்கும் ஒரு பகிடி வைத்திருப்பான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் டெப்பைக் கணினியில் பூட்டி, கண்ணாடியின் ஒவ்வொரு புள்ளியும் கேட்பதை நிறமாகக் காட்டுகிற படத்தைத் திறந்தான். பேனை பக்கத்தில் இல்லை, ஒருவர் கையும் பக்கத்தில் இல்லை. படம் முழுக்க ஒரே சாம்பல் நிறமாக இருந்திருக்க வேண்டும்.

நடுவில் ஒரு கரிய குழி இருந்தது. ஐந்து விரலும் ஒரு உள்ளங்கையுமாக.

“மச்சான், நீ பதிவு எடுக்கக்குள்ள யாரோ கைய வச்சிருக்காங்க,” என்றான் கிளெமென்ற். “இல்லாட்டி இப்படி வராது. கையையும் சேத்துக் கழிச்சிருக்க. இப்ப கை இல்ல, அந்த இடம் குழியா விழுந்திருக்கு.”

“ஒருத்தரும் வைக்கேல்லை. பூசையில வச்சது.”

“அப்ப சாமி வச்சிருக்கும்.” சிரித்துக்கொண்டே கிளெமென்ற் தன் கையைத் திரைக்கு மேலே பிடித்து அளந்தான். அவனுடையது பெரிய கை. கராஜில் வேலை செய்கிறவனுடைய கை என்று எல்லோரும் சொல்வார்கள். கரிய விரல்கள் அவன் விரல்களைவிட ஒரு கணு நீளமாக இருந்தன. அவன் கையை எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

பதிவை நிமிடம் நிமிடமாக ஓட்டிப் பார்த்தார்கள். முதல் நிமிடத்தில் கை இருந்தது. நடுச்சாமத்தில் இருந்தது. மயிரிழைகூட அசையவில்லை, நித்திரையில் கிடக்கிறவனின் கைகூட அவ்வளவு அசையாமல் இருக்காது. விடியற்காலையில் சுகிர்தன் பதிவை நிறுத்த மறந்து நாலு நிமிடம் ஓடியிருந்தது. அந்த நாலு நிமிடத்தில் ஒரு சின்னக் கை வந்து கண்ணாடியில் படிந்தது. அதன் ஓரத்தில் தன்னுடைய கையின் விளிம்பையும் அவன் அடையாளம் கண்டான்.

மூன்றாவது கை அப்போதுதான் அசைந்தது. திரும்பியது. சின்னக் கையின் மேல் படுத்தது.

கிளெமென்ற் மெதுவாகக் கேட்டான்: “வீட்டுல நீ இந்தப் படத்தப் பாக்கலையா?”

“ஒவ்வொரு நாளும் பாக்கிறனான்.”

“குழி?”

“இல்லை. ஒருநாளும் இல்லை.”

பக்கத்துத் தொழிற்சாலையின் கம்பிறசர் நின்று, திரும்பவும் ஓடத் தொடங்கியது. கழித்த கை திரும்பவும் கண்ணாடியில் இருந்தால் இரண்டும் ஈடாகும், குழி தெரியாது. கை விலகினால்தான் தெரியும். இங்கே தெரிகிறது. வீட்டில், இரண்டு கிழமையாக, ஒவ்வொரு பின்னேரமும் தெரியவில்லை.

கிளெமென்ற் சிலுவை போட்டுக்கொண்டான். “டெப் இங்க வந்திருச்சு,” என்றான். “அது வரல்ல.”

சுகிர்தனின் ஃபோன் மேசையில் அதிர்ந்தது. சுபோதினி. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று முதலில் விளங்கவில்லை.

“இஞ்சருங்கோ, யது பேப்பரில எழுதிறாள்! சும்மா கடைப் பேனையால! பள்ளிக்கூடத்தால வந்ததில இருந்து எழுதிறாள், ஒரு கொப்பி முடிஞ்சுது. தாள் கிழியிற மாதிரி அழுத்தி எழுதிறாளப்பா!”

“பேனையை வாங்கு, சுபோ.”

“என்ன?”

“பேனையை வாங்கிப்போட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளிய வா. இப்ப வா.”

“உங்களுக்கென்ன விசரோ? ஆறு வருஷம் கும்பிட்டுக் கிடைச்சது,” என்று அவள் ஃபோனை வைத்துவிட்டாள். பிறகு அவன் எடுத்த எந்த அழைப்புக்கும் பதில் இல்லை.

ரயில் வாசலில் தொங்கிக்கொண்டு வந்தான். மழை இறங்கிக் கடலும் வானமும் ஒரே சாம்பலாக இருந்தன. தெஹிவளையில் ரயில் ஒரு யுகம் நின்றது. நேற்றே எழும்பிப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். நானூற்றுப் பதினெட்டு என்று கண்ட அந்தக் கணமே டெப்பைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தவன் அவன்தான். மகளுக்கு ஒன்று நடந்தால் அதற்குக் காரணம் தன் ஆசைதான். வெள்ளவத்தையில் குதித்து இறங்கி ஓடினான். லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை.

கதவு பூட்டியிருக்கவில்லை.

முதலில் மணம். காயாத துணி. இப்போது அறை முழுக்க.

பிறகு சத்தம். பேனை தாளில் ஓடுகிற சத்தம், நிற்காமல். அதற்குத் தாளமாகக் கதிரையின் கிரீச்சு.

நிலமெல்லாம் தாள். கொப்பி முடிந்து, மாதாந்த பில்களின் பின்பக்கம் முடிந்து, கலண்டர் கிழிக்கப்பட்டிருந்தது. சுபோதினி குசினி வாசலில் ஃபோனைப் பிடித்தபடி நின்றாள். படம் எடுக்கத் தொடங்கியவள்; எடுப்பதை நிறுத்த மறந்தவள். வாயில் சிரிப்பு இன்னும் ஒட்டியிருந்தது. கண்ணில் இல்லை.

யதுஷா முதுகைக் காட்டிக்கொண்டு மேசையில் இருந்தாள். தலை பின்னால் சாய்ந்திருந்தது. சாய ஒன்றும் இருக்கவில்லை.

“யது.”

“அப்பா, கை நோகுது.” குரலில் அழுகைகூட இல்லை; அவ்வளவு களைத்திருந்தாள்.

“பேனையை விடம்மா.”

“விட்டிட்டன்.”

அவன் பக்கத்தில் போனான். அவளுடைய ஐந்து விரலும் விரிந்திருந்தன. அவற்றுக்கு நடுவில் பேனை செங்குத்தாக நின்று ஓடிக்கொண்டிருந்தது.

“முதலே விட்டிட்டன், அப்பா. நிப்பாட்டச் சொல்லுங்கோ.”

“ஆரையம்மா?”

கண்ணை மட்டும் பின்பக்கமாகத் திருப்பினாள்.

சுகிர்தன் கீழே பார்த்தான். அவள் கால்கள் தொங்கின. கதிரைக்கும் அவளுக்கும் நடுவே ஒரு சாண் வெளி இருந்தது. அந்த வெளியினூடாகப் பின்சுவரின் நீலம் தெரிந்தது.

அவள் கதிரையில் இருக்கவில்லை.

சுபோதினியின் ஃபோன் நிலத்தில் விழுந்தது. அவன் மகளின் இடுப்பைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. வளர்ந்த ஒரு ஆளோடு இழுபறிப்படுவது போல இருந்தது. யதுஷா வீரிட்டாள். அவன் காலை மேசையில் உதைத்து, முழுப் பலத்தோடும் இழுத்தான். திடீரென்று விட்டது. இருவரும் பின்னால் விழுந்தார்கள்.

கதிரை நீளமாகக் கிரீச்சிட்டது. பாரமான ஒருத்தர் எழும்பும்போது போடுகிற சத்தம்.

ஓடினார்கள். சுபோதினி செருப்பில்லாமல். நாலு மாடி. தெரு. மழை. சந்தியில் ஒரு த்ரீவீல் நின்றது.

“யமு மல்லி, இக்மனின் யமு!” போவம் தம்பி, கெதியாப் போவம் என்று சிங்களத்தில் அவசரப்படுத்தினான் சுகிர்தன்.

எங்கே என்று கேட்டான் த்ரீவீல் ஓட்டுகிற பெடியன். கொட்டாஞ்சேனை என்றான் சுகிர்தன். கிளெமென்றின் வீட்டைத் தவிர வேறொரு இடமும் வாயில் வரவில்லை.

காலி வீதியில் வாகனங்கள் முட்டி நின்றன. கடை விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன. யதுஷா அவன் நெஞ்சில் கட்டிப்பிடித்துக் கிடந்தாள். முகம் கழுத்துக்குள், இடக்கை மடிந்து நடுவில், வலக்கை தோளுக்கு மேலால். அவள் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக ஆறிச் சீராகியது. அவளை நனையவிடக் கூடாது என்று அவன் முன்னுக்குக் குனிந்து இருந்தான். பிள்ளை கையில் இருக்கிறாள். சூடாக, முழுசாக இருக்கிறாள். அது போதும் என்று திரும்பத் திரும்ப நினைத்தான்.

“கதிரைச் சத்தம் எனக்கும் கேட்டது,” என்றாள் சுபோதினி. வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “பூசைக்கு அடுத்த நாளே கேட்டது. கை சரிவருது எண்டு பேசாமல் இருந்திட்டன்.”

“நானும்தான்.”

அவள் அழுதாள். அவன் ஒரு கையை நீட்டி அவள் தலையைத் தொட்டான். பம்பலப்பிட்டிச் சந்தி தாண்டியது.

முதுகில் ஒரு விரல் பட்டது.

மகள் தடவுகிறாள் என்று நினைத்தான். கண் நிறைந்துவிட்டது. விரல் ஒரு இடத்தில் நின்றது. அழுத்தியது. பிறகு ஓடத் தொடங்கியது.

“யது?”

சுபோதினி திரும்பி மகளின் முகத்தைக் குனிந்து பார்த்தாள். “நித்திரை,” என்றாள். அதற்குப் பிறகு அவள் பார்வை அவன் முதுகுப் பக்கம் போனது. அங்கேயே நின்றது.

முழுக்கோடு. எங்கேயும் அறாத கோடு. ஆறு வயதுப் பிள்ளையின் எழுத்தல்ல. எத்தனையோ பக்கம் எழுதிப் பழகிய ஒருத்தரின் வேகமான, சாய்ந்த எழுத்து. அவனால் வாசிக்க முடியவில்லை. வாசிக்க விரும்பவுமில்லை. இடது தோளில் தொடங்கி, முதுகெலும்பைத் தாண்டி, வலது தோள் வரை போனது. அவ்வளவு தூரம் அவள் கை எட்டாது.

ஓரத்தில் நின்றது. விரல் எழும்பியது.

இடது தோளுக்குத் திரும்பி வந்து, கொஞ்சம் கீழே, அடுத்த வரியைத் தொடங்கியது.